இறங்கும் காட்சியும் காலி செய்யும் காட்சியும்

சென்னையைக் காட்டுவதற்குத் தமிழ் சினிமாவுக்கு நெடுங்காலம் இரண்டே ஷாட்டுகள் போதுமானவையாக இருந்தன. ஒன்று சென்ட்ரல் ரயில் நிலையம். மற்றொன்று மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. 1959-இல் திறக்கப்பட்ட அந்த உயரமான கட்டடத்தைக் கையில் தகரப்பெட்டியோடு ஒருவன் அண்ணாந்து பார்த்தால், அவன் ஊர், வறுமை, ஆசை மூன்றும் ரசிகனுக்கு விளங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் வழிவழியாக இறங்குவது எழும்பூரில். ஆனாலும் மதுரைக்காரக் கதாநாயகன் சென்ட்ரல் வாசலில்தான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பான். மணிக்கூண்டு ஃபிரேமில் எடுப்பாக விழும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த 'வந்து இறங்கும் காட்சி'யை வெறும் வழக்கம் என்று ஒதுக்க முடியாது. நகரத்தில் நிலைகொள்வது எப்படி என்ற கேள்விக்கு அது ஒரு விடையைக் கையோடு கொண்டுவருகிறது. வந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் காலூன்றிவிடுவான். கிடைக்காவிட்டால் கெட்டுப்போவான் அல்லது ஊருக்குத் திரும்புவான். ஆக, கதை வேலையைப் பற்றியது. அவன் எங்கே தூங்குகிறான், எங்கே குளிக்கிறான், மாசம் பிறந்தால் யாருக்கு எவ்வளவு எடுத்துவைக்கிறான் என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடும். இதற்கு நேர் எதிரே இன்னொரு தொடக்கம் இருக்கிறது: வீட்டுக்காரர் வந்து "காலி பண்ணிக் கொடுத்துடுங்க" என்று சொல்லும் காட்சி. அதில் தொடங்கும் தமிழ்ப் படங்களை விரல்விட்டு எண்ணலாம். நகரவாசிகளின் நிலையின்மையைப் பற்றித் தமிழ்த்திரை உண்மையாக ஏதாவது சொல்லியிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் இந்தச் சில படங்களில்தான் என்பது என் எண்ணம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். இந்திய நகரங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் 27.5 சதவீதம். இவர்களில் பலருக்கு நகரம் என்பது வேலை கிடைத்த இடமல்ல, வீடு தேடிய இடம். அந்தத் தேடலுக்கென்றே ஒரு சொல்வளம் இருக்கிறது. டூலெட் போர்டு, போர்ஷன், பத்து மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகைக்கு ஈடான புரோக்கர் கமிஷன், கரண்ட் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைக்கும் தனி விலை, காலி செய்யும் நாளில் வெள்ளையடிப்பதற்கென்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் தொகை. மெட்ராஸில் ஒரு தடவையாவது வீடு மாறியவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சொற்களைத் திரையில் தேடிப்போனால், பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சிகளில்தான் கிடைக்கும். கறாரான வீட்டுக்காரர், வாடகை பாக்கி வைத்துவிட்டுச் சுவரேறிக் குதிக்கும் பிரம்மச்சாரி, வீட்டுக்காரரின் மகளோடு காதல். வாடகை என்பது சிரிப்பு மூட்டும் சங்கதி என்று நம் சினிமா எப்போதோ முடிவு செய்துவிட்டது.

கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968) இதில் ஒரு விதிவிலக்கு. சிரிப்பின் உள்ளேயே இடத்தின் கணக்கைச் சரியாகப் போட்ட படம் அது. ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த ஒரு வீடு. நாகேஷ் நடித்த மாது ஓர் அநாதை. அவனுக்குப் போர்ஷன் கிடையாது. இருப்பது மாடிப்படிக்கு அடியில். அதனால்தான் அவன் பெயரே 'மாடிப்படி மாது'. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் கொடுக்கும் மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் படிக்கிறான். இந்தப் படத்தை மனிதநேயக் கதையாகத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு வாடகைக் கதை. மாது ரூபாயாகத் தராத வாடகையை உழைப்பாகத் தருகிறான், அதுவும் தினமும், எல்லா வீட்டுக்கும். ஒரு பொருள் தொலைந்தால் முதலில் சந்தேகப்படுவதும் அவனைத்தான். மேற்கூரை தந்தவர்களுக்கு அவன் நல்லவனாகவே இருந்தாக வேண்டும். நகரத்தில் சொந்த இடமில்லாதவனுக்கு நல்ல பெயர்தான் அட்வான்ஸ் தொகை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பாலசந்தர் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) எடுத்தபோது வேலைக் கேள்விக்கே திரும்பினார். கமல்ஹாசன் நடித்த ரங்கன், டெல்லியில் வேலையில்லாமல் திரியும் தமிழ் இளைஞன். அதில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நண்பர்கள் பாத்திரங்களைத் தட்டிச் சாப்பிடுவதுபோல் பாவனை செய்வது. வெளியே இருப்பவளுக்குப் பசி தெரிந்துவிடக் கூடாது. அந்தக் காட்சியின் வலிமை கதவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மானத்தை மறைத்துக்கொள்ள ஒரு கதவாவது அவர்களிடம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த, துரை இயக்கிய 'பசி' (1979) படத்தின் குப்பை பொறுக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஷோபாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த வேடம் அது.

இப்போது 1988-க்கு வருவோம். பாலு மகேந்திராவின் 'வீடு'.

சுதா அலுவலகம் போகும் பெண். தங்கையும், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியரான தாத்தாவும் அவள் பொறுப்பில் இருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு வீடு தேடி அலைகிறாள். கிடைப்பதெல்லாம் சம்பளத்துக்கு எட்டாதது அல்லது இருக்க முடியாதது. உடன் வேலை செய்யும் ஐயங்கார், சொந்தமாகக் கட்டிவிடேன் என்கிறார். தாத்தாவின் பெயரில் வளசரவாக்கத்தில் இரண்டு மனைகள். ஒன்றை விற்று, கடன் வாங்கி, இன்னொன்றில் கட்டத் தொடங்குகிறாள். அங்கிருந்து படம் வேறொன்றாகிறது. பிளான் அனுமதி, அதற்கான கையூட்டு, கான்ட்ராக்டர், காணாமல்போகும் சிமெண்ட் மூட்டைகள், பணம் தருகிறேன் என்று சொல்லி வேறொன்றை எதிர்பார்க்கும் மேலதிகாரி. இத்தனைக்கும் படத்தில் பாட்டு இல்லை. இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹௌ டு நேம் இட்'டிலிருந்து எடுத்தாண்ட இசைதான் பின்னணியில் வருகிறது. படத்துக்காக உண்மையிலேயே ஒரு வீட்டைக் கட்டினார்கள். அஸ்திவாரத்திலிருந்து சுவர் எழும்புவதைக் கேமரா கூடவே இருந்து பார்க்கிறது.

மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திரா, 'வீடு' தன் அம்மாவுக்காக எடுத்த படம் என்று சொல்லியிருக்கிறார். வீடு கட்டுவது ஒரு மனுஷியை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளையின் கண் படம் முழுக்க இருக்கிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவின் முகம் காட்சிக்குக் காட்சி களைத்துக்கொண்டே போவதைப் பாருங்கள். அவர் அழும் இடங்களைவிட, பணத்தைக் கணக்குப் பார்க்கும் இடங்கள் மனதை அதிகம் அறுக்கும். அந்த நடிப்புக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்துக்கும் சிறந்த தமிழ்ப்படத்துக்கான விருது கிடைத்தது.

சிமெண்ட் திருட்டைக் காட்டிக்கொடுப்பவள் சித்தாள் மங்கம்மா. நடித்தவர் 'பசி' சத்யா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தப் படத்தின் பெயரையே அடைமொழியாகச் சுமந்தவர், இந்தப் படத்தில் இன்னொருத்தியின் வீட்டைக் காப்பாற்றுகிறார். கான்ட்ராக்டர் போன பிறகும் வேலை நடப்பது மங்கம்மாவால்தான். மங்கம்மாவுக்கு வீடு உண்டா? படம் அதைக் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எழும்படி அவளை அவ்வளவு நேரம் ஃபிரேமுக்குள் வைத்திருக்கிறது.

முடிவு எல்லோரும் அறிந்ததுதான். தாத்தா பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியே வருகிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், திரும்பும் வழியில் இறந்துபோகிறார். பிறகு ஓர் அதிகாரி வந்து, இந்த நிலத்தை மெட்ரோ வாட்டர் முன்பே கையகப்படுத்திவிட்டது என்கிறார். அனுமதி கொடுத்தது ஓர் அரசு அலுவலகம், எடுத்துக்கொண்டது இன்னோர் அரசு அலுவலகம். சுதாவைக் கோர்ட் வாசலில் காத்திருக்க விட்டுவிட்டுப் படம் நின்றுவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, படத்தில் வில்லன் என்று ஒருவனும் இல்லாதது. கான்ட்ராக்டர் சில்லறைத் திருடன், மேலதிகாரி அற்பன், அவ்வளவுதான். சுதாவை உண்மையில் வீழ்த்துவது இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த 'சந்தியா ராகம்' (1989) இதன் இணைபிரதி. இதைத் தன் அப்பாவுக்கு உரியது என்றார் இயக்குநர். இதில் ஊரிலிருந்து வந்து இறங்குபவர் வாலிபன் அல்ல, மனைவியை இழந்த கிழவர். 'வீடு' படத்தின் தாத்தாவாக வந்த அதே சொக்கலிங்க பாகவதர். தம்பி மகன் வீட்டில் ஏற்கெனவே இடம் நெருக்கடி. அவன் மனைவியோ கர்ப்பிணி. யாரும் கெட்டவர்களில்லை. ஆனாலும் அந்த வீட்டில் இன்னோர் ஆளுக்கு இடமில்லை என்பது வசனம் இல்லாமலே தெரிகிறது. கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். வந்து இறங்கும் காட்சியையும் காலி செய்யும் காட்சியையும் ஒரே உடம்பில் காட்டிய படம் என்று இதைச் சொல்லலாம்.

இங்கே தொழில்நுட்பம் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் வரும் ஏழை வீடுகள் பெரும்பாலும் நிஜ ஏழை வீடுகளைவிடப் பெரியவை. கேமரா பின்னால் போக வேண்டும், லைட் வைக்க வேண்டும். ஆகவே ஒரு சுவரைக் கழற்றி எடுக்கக்கூடிய செட் போடுவார்கள். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் இருப்பதாகச் சொல்லும் கதையில், நாலு பேரும் தலை முதல் கால் வரை சௌகரியமாகத் தெரிவார்கள். பாலு மகேந்திரா ஒளிப்பதிவாளர் என்பதால், இருக்கிற ஜன்னல் வெளிச்சத்தையும் இருக்கிற இடத்தையும் வைத்துக்கொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பாதையில் வந்த 'டூலெட்' இயக்குநர் செழியனும் ஒளிப்பதிவாளர்தான். இது தற்செயலாக இருக்காது. இடமில்லாமையைக் காட்ட, இடத்தை அளந்து பழகிய கண் தேவைப்படுகிறது.

செழியனுக்கு வருமுன் இறங்கும் காட்சியே உடைந்துபோன இரண்டு படங்களைச் சொல்ல வேண்டும். பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) மதுரையிலிருந்து ஓடிவந்த ஜோடியை மேன்ஷன் வாசலில் நிறுத்துகிறது. வாலிபர்களுக்கு மட்டும் என்ற ஏற்பாட்டில் ஓடும் கட்டடம் அது. ஒரு பெண் உள்ளே வந்தால் நகரத்தின் அத்தனை சலுகையும் அங்கேயே முடிந்துவிடும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ரங்கநாதன் தெருக் கடை ஒன்றுக்குக் கூட்டிவருகிறது. அவர்களுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, தங்கும் இடமும் இருக்கிறது. அதுதான் சிக்கல். வேலையும் சோறும் படுக்கையும் ஒரே முதலாளியிடம். அதனால் வேலை போகும் நிமிடத்தில் பாயும் போய்விடுகிறது. அவர்களில் காதலர்களான லிங்குவும் கனியும் கடைசியில் நடைபாதையில் படுக்கிறார்கள். அங்கே ஏறிய லாரியில் கனி கால்களை இழக்கிறாள். முடிவு மிகை என்று அப்போதே சிலர் சொன்னார்கள். எனக்கும் அந்த லாரி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன் வரும் சின்னச் சின்ன மனிதர்களை யாராலும் மறக்க முடியாது. யாரும் நுழைய முடியாமல் கிடந்த பொதுக் கழிப்பறையைத் தானே கழுவிவிட்டு, வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிப் பிழைக்கிறவன் ஒருவன் வருவான். நகரத்தில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அதில் வேர் விட்டவன் அவன். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021-இல்; படம் வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு.

செழியனின் 'டூலெட்' 2007-ஆம் ஆண்டில் நடக்கிறது. அந்த ஆண்டைத் தேர்ந்ததில் காரணம் இருக்கிறது. டைடல் பார்க் திறந்து ஏழு ஆண்டுகள், பழைய மகாபலிபுரம் சாலை கண்ணாடிக் கட்டடங்களால் நிறைந்துகொண்டிருந்தது, ஐ.டி. சம்பளத்தைக் கணக்கில் வைத்து நகரம் முழுக்க வாடகை ஏறியது. ராமின் 'கற்றது தமிழ்' வந்ததும் அதே 2007-தான். அந்தச் சம்பள வேறுபாட்டைக் கண்டு ஒருவன் கொலைவெறி கொள்வதை அந்தப் படம் கத்திச் சொன்னது. 'டூலெட்' கத்துவதே இல்லை. அதில் பின்னணி இசைகூடக் கிடையாது. குழாயில் நீர் சொட்டுவதும், பக்கத்து வீட்டு டிவியும், வீட்டுக்கார அம்மாவின் செருப்புச் சத்தமும்தான் இசை.

சினிமாவில் எழுத்து வேலை தேடும் இளங்கோ, மனைவி அமுதா, பள்ளி செல்லும் மகன். வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு இவர்கள் ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் நடப்பது ஒரு நேர்காணல். என்ன வேலை, எந்த ஊர், என்ன ஆளுங்க, கவிச்சி சாப்பிடுவீங்களா. சினிமா என்று சொன்னதும் முகம் மாறுகிறது. 'வீடு' படத்தில் சுதாவுக்குத் தடையாக இருந்தது பணமும் அரசும். இளங்கோவைத் தடுப்பது அவன் யார் என்பதும். சாதியை நேராகக் கேட்கத் தயங்கி, சுற்றி வளைத்துக் கேட்கும் அந்தத் தொனியைப் பதிவு செய்ததற்காகவே இந்தப் படத்தை ஆவணமாகப் பாதுகாக்கலாம். இன்னொன்று: இவர்கள் குடியிருக்கும்போதே வீட்டைப் பார்க்க அடுத்தவர்கள் வருகிறார்கள். துணி காயும் கொடி, சாத்தாத சமையல்கட்டு, பிள்ளையின் படுக்கை என்று எல்லாவற்றையும் அந்நியர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சொந்த அறைக்குள்ளேயே ஒதுங்கி நின்று வழிவிடும் அமுதாவின் உடல்மொழி, காலி செய்யும் நாளுக்கு முன்பே அவள் காலி செய்துவிட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

தேசிய விருது பெற்ற இந்தப் படம் திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரி 21-ஆம் தேதி. மறுநாள், 22-ஆம் தேதி, தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், உரிமையாளர், வாடகைதாரர் இருவருக்கும் உரிமைகளும் பொறுப்புகளும் வகுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் அந்த முன்பண விதியின் தலையிலேயே 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்ற பொருளில் ஒரு வாசகம் உட்கார்ந்திருக்கிறது. பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வாசகம் போதும். இரண்டு கோப்புகளுக்கு நடுவில் சுதா சிக்கினாள். இளங்கோக்கள் ஒரு பிரிவின் தொடக்கச் சொற்களில் சிக்குகிறார்கள்.

ஸ்ரீ கணேஷ் இயக்கிய '3 பி.எச்.கே.' (2025) இந்த வரிசையில் அண்மையில் வந்தது. அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையிலிருந்து உருவான படம். நடுத்தரக் குடும்பம் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு சொந்த வீட்டுக்குச் சேமிக்கிறது. சேமிப்பு ஒவ்வொரு முறையும் கரைகிறது: மகனின் கல்லூரி, அப்பாவின் உடல்நலம், மகளின் கல்யாணம். இவர்கள் ஓர் எண்ணை எட்டும்போது வீட்டின் விலை அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடுகிறது. இந்த ஓட்டத்தைப் படம் நன்றாகவே பிடித்திருக்கிறது. எனக்கு உள்ள மனக்குறை வேறு. நிலையின்மை இங்கே குடும்பத்துக்குள் திரும்பி, மகன் ஒழுங்காகப் படித்தானா, சம்பாதித்தானா என்ற குற்றவுணர்ச்சியாகிவிடுகிறது. மனை விலை ஏன் அப்படி ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. மழையைப் போல அதுவும் ஓர் இயற்கை. கடைசியில் வீடு வாங்குகிறார்கள். திரையரங்கில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான். 1988-இல் ஒரு பெண்ணைக் கோர்ட் வாசலில் உட்காரவைத்துவிட்டுப் படத்தை முடிக்க முடிந்தது. இன்று சாவியைக் கையில் கொடுக்காமல் ரசிகரை வெளியே அனுப்ப முடிவதில்லை.

இந்த வரிசை முழுக்க ஒரு குறை இருக்கிறது: இவர்கள் எல்லோரும் வாடகையோ மனையோ பேசும் நிலையில் உள்ளவர்கள். மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) அதற்குக் கீழே இறங்கியது. தண்டவாளத்தில் சிந்தும் கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்களுக்கு 299 ரூபாய் பீட்சா மேல் ஆசை வருவதுதான் கதை என்று பேசினார்கள். ஆனால் படம் தொடங்குவது ஓர் இழப்பில். அவர்கள் விளையாடிய இடமும், ஏறி முட்டை எடுத்த மரமும் போய்தான் அந்த பீட்சா கடை வருகிறது. வீட்டை யாரும் பிடுங்கவில்லை. வீட்டைச் சுற்றியிருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள். ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) வட சென்னைக் குடியிருப்பு ஒன்றில், ஒரு சுவர் யாருடையது என்ற கேள்வியில் இதையே வேறு விதமாகக் கேட்டது.

'காக்கா முட்டை' வெளிவந்த அதே 2015-இன் டிசம்பரில் வெள்ளம் வந்தது. அதன் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்தின் தென்கோடிக்கு, பெரும்பாக்கத்துக்கும் அதைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளுக்கும் கொண்டுபோனார்கள். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்பே அப்படி உருவானவை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. காகிதத்தில் பார்த்தால் இந்தக் குடும்பங்கள் நிலைபெற்றவர்கள். கான்கிரீட் வீடு, கதவு எண், ஒதுக்கீட்டு ஆணை எல்லாம் உண்டு. சுதா படம் முழுக்க ஏங்கிய எல்லாமே. வீட்டுவேலைக்குப் போன தெருவும், கணவன் மீன்பாடி வண்டி ஓட்டிய சந்தையும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால்.

இதைக் கதையாக்க நினைக்கும் இயக்குநருக்கு இறங்கும் காட்சியும் உதவாது, காலி செய்யும் காட்சியும் உதவாது. இவர்கள் சென்னைக்கு வந்தவர்கள் அல்ல. இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தவர்கள். எல்.ஐ.சி.யை அண்ணாந்து பார்த்தவர்களும் அல்ல. அதன் நிழலில் வளர்ந்தவர்கள். கல்வியாண்டின் நடுவில் லாரி வந்துவிட்டதால், பழைய பள்ளியிலேயே பரீட்சை எழுத வேண்டிய ஒரு பிள்ளை விடிவதற்கு முன் எழுந்து, அடுக்குமாடியின் மாடிப்படிகளில் இறங்கி, பெரும்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறது. தன் ஊருக்குப் போக.